மலையேறிய குருவானவர்

(நம் பங்கின் நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற விளையாட்டு விழாவின் நிறைவில், பங்குத் தந்தை அவர்கள் ஆற்றிய உரை)



காலைத் திருப்பலி முடிந்தது முதல் இம்மைதானம் ஓய்வறியாமல் இருக்கிறது. சிறுவர்களின் தவளை ஓட்டம் கண்டோம். இளைஞர்களின் கைப்பந்து கண்டோம். தாய்மார்கள் கயிறு இழுத்ததையும், அவர்களை எதிர்த்து நின்ற மரியாயின் சேனையார் மண்ணில் விழுந்ததையும் கண்டோம். பரிசளிப்புக்கு முன் இரண்டு வார்த்தை பேசும்படி விழாக் குழுவினர் எம்மைக் கேட்டுக் கொண்டார்கள். குருவானவரின் இரண்டு வார்த்தை எவ்வளவு நீளம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. வெயிலும் தாழ்ந்துவிட்டது. சற்றுப் பொறுமையோடு கேளுங்கள்.

உடலைப் பற்றிப் பேச விரும்புகிறோம். ஆன்மாவைப் பற்றிப் பேச வேண்டியவர் உடலைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் நினைக்கலாம். அதற்கு ஒரு காரணம் உண்டு. முதலில் எம் குறையைச் சொல்லிவிட்டுப் பிறகு விஷயத்துக்கு வருகிறோம்.

யாம் இப்பங்குக்கு வருமுன் வேறோர் ஊரில் பணியாற்றி வந்தோம். ஒருநாள் இரவு பத்து மணிக்கு மேல் ஓர் இளைஞர் வந்து கதவைத் தட்டினார். அவருடைய பாட்டி சாகுந்தறுவாயில் இருந்தார். நோயில் பூசுதல் கொடுக்க உடனே வரவேண்டும் என்றார். புறப்பட்டோம். அவர்கள் குடியிருந்தது நான்காம் மாடி. லிப்ட் கிடையாது. இரண்டாம் மாடியில் மூச்சு வாங்கியது. மூன்றாம் மாடியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நான்காம் மாடிக்கு எப்படி ஏறினோம் என்பது ஆண்டவருக்கே தெரியும். வீட்டுக்குள் நுழைந்தபோது செபம் சொல்ல எமக்குக் குரல் வரவில்லை. அந்த அம்மாளின் தலைமாட்டில் அமர்ந்து விசிறிக் கொண்டிருந்த மகள் எழுந்து வந்து, அதே விசிறியால் எமக்கு வீசினாள். "சாமி, கொஞ்சம் தண்ணி குடிங்க" என்று சொம்பை நீட்டினாள். சாகக் கிடந்தவர் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். போனவரோ நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக் கொண்டிருந்தோம்.

ஐந்து நிமிடம் கழிந்து செபம் தொடங்கினோம். அந்த ஐந்து நிமிடம் அந்தத் தாய்க்கு இருந்தது. இல்லாமற் போயிருந்தால்? இந்தக் கேள்வி எம்மை வெகுநாள் உறங்கவிடவில்லை.

மறுவாரம் மருத்துவரிடம் சென்றோம். சர்க்கரையும் இருந்தது, இரத்த அழுத்தமும் இருந்தது. அவர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "சாமி, தினமும் நடக்க வேண்டும்" என்றார். நேரமில்லை என்றோம். அவர் சிரித்துக்கொண்டே, "செபம் செய்ய நேரமில்லை என்று உங்களிடம் வருகிறவர்களுக்கு என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டார். எம்மிடம் பதில் இல்லை.

அப்போதுதான் குருமடத்தில் படித்த ஒரு வரலாறு நினைவுக்கு வந்தது. அதையே இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறோம்.

நம் பங்கு 1925-ஆம் ஆண்டில் உருவானபோது உரோமையில் பாப்பரசராக இருந்தவர் பதினோராம் பத்திநாதர். இக்காலத்தில் பதினோராம் பயஸ் என்கிறோம். நம் மூத்தோர்களுக்கு இப்பெயர் புதிதல்ல. 1923-இல் தூத்துக்குடி மறைமாவட்டத்தை உருவாக்கி, திபூர்சியுஸ் ரோச் ஆண்டகையை அதன் முதல் ஆயராக நியமித்தவர் இவரே. இலத்தீன் வழிபாட்டு முறையில் இக்காலத்தின் முதல் இந்திய ஆயர் ரோச் ஆண்டகை. ஆகவே தமிழ்க் கத்தோலிக்கர் நன்றியோடு நினைக்க வேண்டிய பாப்பரசர் அவர். ஆனால் அவர் மலையேறும் வீரர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

அவருடைய இயற்பெயர் அக்கில்லே ரத்தி. 1857-இல் மிலான் நகருக்கு அருகிலுள்ள தேசியோவில் பிறந்தார். தந்தை பட்டு ஆலை ஒன்றின் மேலாளர். 1879-இல் குருவானவரானார். சில ஆண்டுகள் குருமடத்தில் பேராசிரியராக இருந்தார். 1888-இல் மிலானிலுள்ள அம்புரோசியன் நூலகத்தில் பணியேற்றார். அது 1609-இல் கர்தினால் பெதரிக்கோ பொரோமேயோ திறந்துவைத்த பெரும் நூலகம். பழஞ்சுவடிகளைப் புரட்டுவது, மங்கிய எழுத்தைப் படிப்பது, பிரதிகளை ஒப்பிடுவது, ஆராய்ச்சிக்கு வருகிறவர்களுக்கு உதவுவது, இவையே அவர் வேலை. நாள் முழுதும் நாற்காலி. நாள் முழுதும் புத்தகத் தூசி. அலுவலகத்திலும் கடையிலும் கணக்குப் புத்தகத்தின் முன்னும் உட்கார்ந்திருக்கும் நம்மவர்களுக்கு இவ்வாழ்க்கை புரியும்.

இத்தகைய மனிதருக்கு ஆல்ப்ஸ் மலைச் சிகரங்கள்மீது தீராத ஆசை. அவருடைய உத்தியோகத்துக்கு மலை தேவையில்லை. அதில் பணமும் கிடையாது, பதவியும் கிடையாது. உள்ளம் விரும்பிய ஒரு பொழுதுபோக்கு, அவ்வளவே. ஆனால் அந்த விருப்பத்தை அவர் கனவாக வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கவில்லை. மிலானுக்கு அருகே கிரிஞா போன்ற தாழ்ந்த மலைகள் உண்டு. அவற்றில் ஏறி இறங்கிக் கால்களைப் பழக்கினார். மலையேறுவோர் கழகத்தில் உறுப்பினரானார். கழக ஏட்டில் தம் அனுபவங்களை எழுதினார்.

1889 ஜூலை இறுதி. ரத்தி குருவானவருக்கு வயது 32. இத்தாலிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் எல்லையில் மோந்தே ரோசா என்ற பெருமலை நிற்கிறது. அதன் உச்சியான துஃபூர் சிகரம் 4,634 மீட்டர் உயரம். நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் பாதியைவிடச் சற்றே கூடுதல். ஒவ்வோர் அடிக்கும் மூச்சு முட்டும். இவர் தேர்ந்துகொண்டதோ மிகக் கடினமான கிழக்கு முகம். மக்குஞாகா என்னும் சிற்றூருக்கு மேலே சுவர்போல் எழும்பும் பனிச் சரிவு அது. அவ்வழியே முதன்முதலில் மனிதர் உச்சியை எட்டியது 1872-இல்தான். 1881-இல் தாமியானோ மரினெல்லி என்ற இத்தாலியர் முயன்று, இரு வழிகாட்டிகளோடு பனிச்சரிவில் புதைந்து உயிரிழந்தார். அந்தப் பனிப் பள்ளத்தாக்குக்கு அவர் பெயரே வழங்குகிறது.

ரத்தி குருவானவர் தம் நண்பர் லூயிஜி கிராஸெல்லியோடும், காதின், ப்ரோமான் என்னும் இரண்டு வழிகாட்டிகளோடும் புறப்பட்டார். மலைக் குடிலிலிருந்து கிளம்பியது நள்ளிரவுக்குப் பின், இருளில். ஏன் தெரியுமா? சூரியன் எழுந்து பனியை இளக்கிவிட்டால் மேலிருந்து பனியும் கல்லும் சரியத் தொடங்கும். அதற்குமுன் மரினெல்லி பள்ளத்தாக்கைக் கடந்துவிட வேண்டும். அங்கே சோம்பலுக்கு விலை உயிர். நேரம் தவறாமையை நாம் நல்ல பழக்கம் என்று சொல்கிறோம். மலையில் அதுவே பாதுகாப்பு.

பகல் முழுதும் ஏறினார்கள். மாலையில்தான் உச்சியை எட்டினார்கள். இருட்டிவிட்டதால் இறங்க வழியில்லை. உச்சிக்குச் சற்றுக் கீழே, ஒரு குறுகிய பாறை விளிம்பில் அந்த இரவைக் கழித்தார்கள். கடுங்குளிர். உறங்கினால் ஆபத்து. விடியுமட்டும் விழித்திருந்தார்கள். மறுநாள் அதுவரை எவரும் கடந்திராத சும்ஸ்டைன் கணவாயைக் கடந்து மறுபுறத்தில் செர்மாட் பக்கமாக இறங்கினார்கள். அவ்வாண்டே மாட்டர்ஹார்ன் சிகரத்திலும் ஏறினார். மறு ஆண்டு, 1890-இல், ஆல்ப்ஸ் மலையின் மிக உயர்ந்த மோன் பிளாங்க்கில் ஏறி, இத்தாலியப் பக்கமாக ஒரு புதிய வழியே இறங்கினார். இத்தாலியிலிருந்து ஏறுகிறவர்களுக்கு அதுவே பின்னர் வழக்கமான பாதையாயிற்று.

அன்பர்களே, இவ்வரலாற்றிலிருந்து நாம் எதைக் கற்றுக் கொள்கிறோம்?

முதலாவது: விருப்பம் உள்ளத்தில் பிறக்கிறது, ஆனால் அதைச் சுமந்து செல்வது உடல். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்று நம் முன்னோர் சொல்வார்கள். மலையேறுவதற்குத்தான் உடல் வேண்டும் என்று எண்ணாதீர்கள். நம் பாடகர் குழுவினர் நீண்ட பாடலை ஒரே மூச்சில் இழுக்க நெஞ்சில் காற்று வேண்டும். தையல் செய்யும் சகோதரிக்குக் கழுத்தும் முதுகும் ஒத்துழைக்க வேண்டும். தோட்டம் போட விரும்பும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்குக் குனிந்து நிமிர முழங்கால் வேண்டும். தேர்வுக்குப் படிக்கும் மாணவனுக்கு இரண்டு மணி நேரம் சோர்ந்துபோகாத உடல் வேண்டும். உடல் கைவிட்டபின் பல ஆசைகள் ஓசையின்றிச் செத்துப் போகின்றன. "அதெல்லாம் அந்தக் காலம்" என்று நாம் சொல்லும்போது, பல சமயம் போனது காலம் அல்ல; பயிற்சி.

இரண்டாவது: சிறிது சிறிதாக. நூலக நாற்காலியிலிருந்து எழுந்து நேரே மோந்தே ரோசாவுக்குப் போனவர் ஒருவருமில்லை. சின்ன மலை, பிறகு நடுத்தர மலை, பிறகு பெரிய மலை. நம் இளைஞர்கள் சிலர் புத்தாண்டில் உடற்பயிற்சிக் கூடத்தில் பணம் கட்டுகிறார்கள். முதல் வாரம் தூக்க முடியாத பாரத்தைத் தூக்குகிறார்கள். இரண்டாம் வாரம் தோள் வலி. மூன்றாம் வாரம் ஆளைக் காணோம். ஒருநாள் இரண்டு மணி நேரம் ஓடிவிட்டு ஒரு மாதம் படுத்திருப்பவனைவிட, தினம் அரைமணி நேரம் நடப்பவன் வெகுதூரம் போவான். உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையில், பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்றும், வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. 150 நிமிடம் என்பது வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரைமணி. ஒரு தொலைக்காட்சித் தொடருக்கு நாம் தாராளமாகக் கொடுக்கும் நேரம்.

மூன்றாவது: விவேகம். 1923-இல் பாப்பரசர் பத்திநாதர், மென்தோன் ஊர்ப் புனித பெர்நார்தை மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தார். முன்னர் தாம் எழுதிய மலையேற்றக் கட்டுரையில், உண்மையான மலையேற்றம் கண்மூடித்தனமான துணிச்சல் அல்ல, விவேகமும் அளவான தைரியமும் கொண்டவர்களுக்கே அது உரியது என்ற கருத்தை வலியுறுத்தினார். வானிலை கெட்டால் திரும்பிவிடத் தெரிந்தவனே நல்ல மலையேறி. ஆகவே நெஞ்சு வலி உள்ளவரும், நெடுநாள் நோயுள்ளவரும் மருத்துவரைக் கேளாமல் எதையும் தொடங்க வேண்டாம். ஒருவர் நடக்கும் வேகத்தை மற்றவர் நடக்க வேண்டியதில்லை.

நான்காவது: துணை. ரத்தி குருவானவர் தனியே ஏறவில்லை. நால்வரும் ஒரே கயிற்றால் கட்டப்பட்டிருந்தார்கள். ஒருவர் கால் சறுக்கினால் மற்றவர் தாங்க வேண்டும். நம் நல்ல தீர்மானங்கள் பல தனியாக இருப்பதால்தான் விழுந்து விடுகின்றன. "நாளைக் காலை ஐந்தரைக்கு வாசலில் நிற்பேன்" என்று நண்பனிடம் சொல்லிவிட்டால், படுக்கை நம்மைப் பிடித்து வைக்க முடியாது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். உடலைப் பேணினால் நோயே வராதா? நீண்ட ஆயுள் நிச்சயமா? இல்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அதற்கும் ஒரு மலையேறியே சாட்சி.

தூரின் நகரில் 1901-இல் பிறந்த பியர் ஜார்ஜோ பிரஸ்ஸாத்தி ஒரு செய்தித்தாள் அதிபரின் மகன். சுரங்கப் பொறியியல் படித்தவர். மலை என்றால் உயிர். நண்பர்களைக் கூட்டிக்கொண்டு வாரக் கடைசியில் மலைக்குப் போவார். மற்ற நாட்களில் புனித வின்சென்ட் தே பவுல் சபையின் உறுப்பினராக, ஏழைகளின் குடிசைகளுக்கு ஏறி இறங்குவார். மலை பழக்கிய அதே கால்கள்தாம் ஏழைகளின் படிக்கட்டுகளிலும் ஏறின. இத்தனை வலுவான இளைஞர் 1925 ஜூலை 4-ஆம் நாள், இளம்பிள்ளை வாதத்தால் தம் 24-ஆம் வயதில் இறந்தார். நம் பங்கு பிறந்த ஆண்டு அவர் இறந்த ஆண்டு. அவர் இறந்து நூறாண்டு நிறைந்த 2025-இல், செப்டம்பர் 7-ஆம் நாள், திருத்தந்தை பதினான்காம் லியோ அவரைப் புனிதராக அறிவித்தார்.

பார்த்தீர்களா? உடற்பயிற்சி அவருக்கு ஆயுளை வாங்கித் தரவில்லை. ஆனால் கிடைத்த 24 ஆண்டையும் முழுமையாகச் செலவழிக்க அது உதவியது. நம் ஆயுளின் நீளம் நம் கையில் இல்லை. கிடைத்த நாளில் எவ்வளவு பயன்படுவோம் என்பது ஓரளவு நம் கையில் இருக்கிறது. நோயுற்றவர்களும் ஊனமுற்றவர்களும் இதைக் கேட்டு மனம் நோக வேண்டாம். நலமாயிருப்பது புண்ணியம் என்றோ, நோயாயிருப்பது பாவம் என்றோ யாம் சொல்லவில்லை. பத்திநாதரும் 1936-ஆம் ஆண்டின் இறுதியில் கடுமையாக நோயுற்றார். ஆயினும் 1937 மார்ச்சில் ஜெர்மனியின் நாஜி ஆட்சியையும் இனவெறியையும் கண்டித்து ஜெர்மன் மொழியிலேயே சுற்றுமடல் வெளியிட்டார். உடல் தளர்ந்தபோதும், உடல் வழியாகக் கற்ற உறுதி தளரவில்லை. புனித சின்னப்பரும் கொரிந்து நகரத்தாருக்கு எழுதும்போது, அவர்கள் நன்கறிந்த பந்தய வீரரையே உவமையாக எடுத்தார். வாடிப்போகும் முடிக்காக அவன் அத்தனை ஒடுக்கத்தை மேற்கொள்கிறானே, வாடாத முடிக்காக நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் அவர் கேள்வி.

இனி எம் கதையை முடித்துவிடுகிறோம். மருத்துவர் சொன்னபின் முதல் நாள் கோயிலை மூன்று முறை சுற்றினோம். கால் வலித்தது. மறுநாள் போகக் கூடாது என்று தோன்றியது. போனோம். ஒரு மாதத்தில் பத்துச் சுற்று. ஆறு மாதத்தில் சர்க்கரை கட்டுக்குள் வந்தது. மாத்திரையை விட்டுவிடவில்லை, அதுவும் வேண்டும், இதுவும் வேண்டும்.

எமக்குச் சிறுவயது முதல் பழைய ஏடுகளைப் படிப்பதில் ஆசை. இப்பங்குக்கு வந்ததும் நம் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைப் பார்த்து மகிழ்ந்தோம். எல்லாம் இலத்தீன், மை மங்கிப் போயிருக்கிறது, பூச்சியும் அரித்திருக்கிறது. அவற்றைப் படித்துப் பிரதி எடுக்கத் தொடங்கினோம். ஆனால் அரைமணி உட்கார்ந்தால் இடுப்பு வலி. நடக்கத் தொடங்கியிருந்தோமே தவிர, முதுகுக்கு ஒரு பயிற்சியும் செய்ததில்லை. இரண்டு வருடம் அவ்வேலை அப்படியே கிடந்தது. பிறகு மருத்துவரின் யோசனைப்படி முதுகுக்கும் வயிற்றுக்கும் உரிய எளிய பயிற்சிகளைக் காலையில் சேர்த்துக் கொண்டோம். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நிற்கவும் பழகினோம். நூலகத்து ரத்தி குருவானவரை நினைத்துக்கொண்டே மீண்டும் ஏட்டின்முன் உட்கார்ந்தோம். சென்ற தவக்காலத்தில் முதல் பதிவேடு முழுவதும் படித்து முடிந்தது. இம்மலரில் நீங்கள் படிக்கும் பங்கு வரலாற்றின் பெரும்பகுதி அதிலிருந்து வந்ததே.

அந்த வேலையில் ஒருநாள் 1933-ஆம் ஆண்டுப் பக்கத்தில், நம் பங்கின் மூத்த பாட்டி ஒருவரின் ஞானஸ்நானக் குறிப்பைக் கண்டோம். அவரும் இப்போது முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார். அவரைப் பெற்றவுடனே தாய் இறந்துவிட்டார். வீட்டில் எல்லோரும் அந்தத் தாயைச் செல்லப் பெயரால் மட்டுமே சொல்லிவந்ததால், தாயின் ஞானஸ்நானப் பெயர் என்னவென்று பாட்டிக்குத் தொண்ணூறு வயது தாண்டியும் தெரியாது. கல்லறைத் திருநாளில் "என் அம்மா" என்று மட்டும் எழுதிக் கொடுப்பாராம். ஏட்டில் அந்தப் பெயர் இருந்தது. அதை எடுத்துப்போய் அவரிடம் வாசித்தோம். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுபடி வாசிக்கச் சொன்னார். மூன்று முறை வாசித்தோம்.

ஒரு மனிதன் தினம் காலையில் அரைமணி நேரம் நடந்து, முதுகை நிமிர்த்தப் பழகியதற்கும், ஒரு மகள் தன் தாயின் பெயரை அறிந்ததற்கும் இடையே தொடர்பு உண்டு என்று யார் எண்ணுவார்கள்? ஆனால் உண்டு. இடுப்பு வலிக்கு அடங்கி அவ்வேட்டை மூடி வைத்திருந்தால், இன்னும் சில ஆண்டில் பூச்சி அந்தப் பெயரைத் தின்றிருக்கும்.

ஆகவே, பிரியமானவர்களே, நூற்றாண்டு விழாத் தீர்மானமாக ஒன்றைக் கேட்டுக் கொள்கிறோம். உங்கள் உள்ளம் விரும்பி, நடுவில் கைவிட்ட ஒரு நல்ல காரியத்தை நினைத்துப் பாருங்கள். பாட்டாக இருக்கலாம், படிப்பாக இருக்கலாம், பந்தாக இருக்கலாம், வின்சென்ட் தே பவுல் சபைக்காக வீடு வீடாகப் போவதாக இருக்கலாம். அதைச் செய்ய உடலில் என்ன குறைகிறது என்று பாருங்கள். அதற்கு நாளைக்கு அரைமணி கொடுங்கள். "வீட்டு வேலையே எங்களுக்குப் பயிற்சி" என்று தாய்மார்கள் சொல்வது எம் காதில் விழுகிறது. உங்கள் உழைப்பை யாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த உழைப்பெல்லாம் பிறருக்காக. இந்த அரைமணி உங்களுக்காக இருக்கட்டும். கணவன்மார்களே, அந்த அரைமணி நேரம் அடுப்பையும் குழந்தையையும் பார்த்துக் கொள்வது உங்கள் பயிற்சி.

வருகிற திங்கட்கிழமை முதல் கோயில் வாசல் காலை ஐந்து மணிக்கே திறந்திருக்கும். ஐந்தரைக்கு யாம் வளாகத்தைச் சுற்றி நடக்கத் தொடங்குவோம். ஆறரைக்குத் திருப்பலி. வேகமாக நடப்பவர்கள் முன்னே போங்கள். மெதுவாக நடப்பவர்கள் எம்மோடு வாருங்கள். முதல் நாள் நூறு பேர் வருவீர்கள் என்று தெரியும். நாற்பதாம் நாள் யார் வருகிறீர்கள் என்பதையே பார்க்கக் காத்திருக்கிறோம்.

உடலைத் தந்த இறைவன் அதைப் பேணும் மனத்தையும், பேணிய உடலால் பிறருக்குப் பயன்படும் நல்வாய்ப்பையும் உங்கள் அனைவருக்கும் அருள்வாராக. பரிசு பெற்றவர்களுக்கும், பரிசு பெறாமல் கடைசிவரை ஓடி முடித்தவர்களுக்கும் எம் ஆசீரும் வாழ்த்தும்.